70கள்ல மயங்கி விழுந்த படத்துக்கு இப்போ ஏன் சிரிக்கிறாங்க? (பழைய பேய்ப்படங்கள், விவாத இழை)

லாஸ்ட்பெஞ்ச்_கார்த்தி:
மக்களே ஒரு டவுட்டு. லீவுக்கு சித்தி பசங்க வந்திருந்தாங்க, எல்லாம் காலேஜ் படிக்கிற வயசு. நான்தான் பெரிய பில்டப் குடுத்து தி எக்ஸார்சிஸ்ட் (ஒரு சின்னப் பொண்ணுக்கு பேய் பிடிக்கிற படம்) போட்டேன், 1973ல வந்தப்போ தியேட்டர்லயே ஆளுங்க மயங்கி விழுந்தாங்கடா, வாந்தி எடுத்தாங்கடான்னு. ஈராக்ல சிலை தோண்டுற சீன்லயே போனை எடுத்துட்டானுங்க, "பேய் எப்ப வரும்ணா"ன்னு நச்சரிப்பு வேற. பச்சை வாந்திக்கு கெக்கேபிக்கேன்னு சிரிப்பு. தலை முழுசா திரும்புதுல்ல, அதுக்கு ஒருத்தன் "டேய் இது அந்த மீம் டெம்ப்ளேட்டு"ங்கிறான். செம கடுப்பு எனக்கு.

படம் பழசாயிடுச்சா, இல்ல பாக்குறவங்களுக்கு மரத்துப்போச்சா? சைக்கோ, நைட் ஆஃப் த லிவிங் டெட், ஹாலோவீன் இதெல்லாம் இன்னிக்கு முதல் தடவை பாக்குறவனுக்கு எப்படி இருக்கும்? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

வெட்டி_ஆபீசர்:
மயங்கி விழுவாங்கன்னு நீ முன்கூட்டியே சொன்னா எவன் விழுவான், விழாம காட்டுறேன் பாருன்னு தான் உக்காருவான் 😂

நித்யா_எஸ்:
கார்த்தி அண்ணா, நானும் அந்த வயசுதான், அதனால அவங்க சார்பா பேசுறேன். சிரிக்கிறது திமிர் இல்ல. நாங்க ஒரிஜினலுக்கு முன்னாடியே நக்கல பாத்துட்டோம். ஸ்கேரி மூவி 2 ஆரம்பிக்கிறதே எக்ஸார்சிஸ்ட்டை கலாய்ச்சுதான், அது 2001லயே வந்துடுச்சு, நாங்க பொறக்குறதுக்கு முன்னாடி இல்லன்னா பொறந்த கையோட. அந்த கட்டில் ஆடுறது, கரகரன்னு ஆம்பளைக் குரல்ல பொண்ணு பேசுறது, பாதிரியார் பெட்டியோட வந்து நிக்கிறது எல்லாத்தையும் நூறு படத்துல காப்பி அடிச்சதுக்கு அப்புறம் ஒரிஜினல் எங்க கண்ணுக்கு வருது, அது என்ன பண்ணும் பாவம், அதுதான் காப்பி மாதிரி தெரியுது. சைக்கோல பாத்ரூம்ல என்ன நடக்கும்னு படமே பாக்காத எங்க அம்மாவுக்கு கூட தெரியும்.

இன்னொன்னு, தமிழ்ல முனி 2007, காஞ்சனா 2011, அதுக்கப்புறம் வரிசையா வந்ததெல்லாம் பேய் வந்தா ஹீரோ அம்மா இடுப்புல ஏறி உக்காருவார்னு பழக்கிட்டாங்க. பேய்னாலே சிரிக்கலாம்னு கை தானா பாப்கார்னுக்கு போகுது. அது எங்க தப்பா?

ரீல்பொட்டி:
கார்த்தி தம்பி, உங்க பசங்க எங்க சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க, எங்க சிரிக்கலன்னு எழுதலையே. அதுதான் எனக்கு வேணும்.

பேய் முழுசா வர்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போவாங்க ஞாபகம் இருக்கா. மூளைக்குப் போற ரத்தக்குழாய படம் எடுக்கணும்னு கழுத்துல ஊசி போடுவாங்க. ஊசி இறங்குது, ரத்தம் சர்ர்னு ஒரு பீச்சு பீச்சுது, ஒரு டியூப மாட்டுறாங்க, அப்புறம் அந்த எக்ஸ்ரே மிஷின் தடால் தடால்னு சுத்தியல் போடுற மாதிரி அடிக்கும், குழந்தை மூஞ்சி கோணிப்போகும். பின்னணி இசைன்னு ஒரு துணுக்கு கிடையாது. டாக்டர் நர்செல்லாம் அவங்கபாட்டுக்கு வேலைய பாக்குறாங்க. நான் பாத்த வரைக்கும் எந்த வயசுக்காரனும் அங்க சிரிச்சதில்ல, கால மடக்கி சீட்டு மேல வெச்சுப்பான். தியேட்டர்ல மயங்குனவங்கள்ல நிறைய பேர் அந்த இடத்துலதான் மயங்குனாங்கன்னு சொல்வாங்க, நம்புற மாதிரிதான் இருக்கு.

அப்ப பழசானது என்னன்னா ரப்பர். தலை திரும்புறது டிக் ஸ்மித் செஞ்ச பொம்மை, இன்னிக்கு கண்ணு அத பொம்மைன்னு கண்டுபிடிச்சுடுது. ஆனா அதே டிக் ஸ்மித், பெரிய பாதிரியாரா நடிச்ச மேக்ஸ் வான் சிடோவுக்கு போட்ட கிழவர் மேக்கப்ப எவனும் கண்டுபிடிக்கிறதில்ல, அப்போ அந்த மனுஷனுக்கு வயசு 44ஐ தாண்டல, இன்னிக்கும் பாக்குறவன் நெஜமான எழுபது வயசு சாமியார்னு தான் நெனைக்கிறான். பெட்ரூம்ல வாயில இருந்து புகை வருதே அது நிஜ மூச்சு, செட்டையே ஏசி வெச்சு ஃப்ரீசர் கணக்கா குளிர வெச்சு எடுத்தாங்க. அதுக்கும் எவனும் சிரிக்கல. உண்மையா பண்ணுனது எல்லாம் அப்படியே நிக்குது.

ரீல்பொட்டி:
சொல்ல மறந்தது. இருட்டுல ஒரு வெள்ளை மூஞ்சி சட்டுனு வந்து போகும்ல, கண்ணு சிமிட்டுற நேரம் கூட இருக்காது. தியேட்டர்ல பாத்தவனுக்கு நாம பாத்தோமா இல்லையான்னே தெரியாது, பக்கத்து சீட்டுக்காரன கேட்டா அவன் இல்லங்கிறான். அந்த குழப்பம்தான் பயம். இன்னிக்கு பாஸ் பண்ணி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வாட்ஸாப் ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க. 2000ல மறுபடி ரிலீஸ் பண்ணப்போ இவங்களே அந்த மூஞ்சிய இன்னும் நாலு இடத்துல சொருகி, படிக்கட்டுல தலைகீழா நண்டு மாதிரி இறங்குற சீனையும் சேத்தாங்க. எனக்கு சுத்தமா பிடிக்கல. கொஞ்சமா இருந்தது தான் அதோட பலமே.

தவம்_லண்டன்:
வணக்கம் எல்லாருக்கும். இங்க இங்கிலாந்தில இந்தப் படத்துக்கு ஒரு தனிக்கதை இருக்கு. 80களின்ர கடைசியில இருந்து 1999 வரைக்கும் இந்தப் படத்தை வீடியோ கசெற்றா கடையில வாங்கேலாது, சென்சார் போர்ட் சேர்டிபிகட் குடுக்கேல்ல. நான் லண்டனுக்கு வந்த புதுசில எங்கட பெடியள் ஒரு கொப்பி கசெற் கொண்டு வந்தவங்கள், கொப்பிக்கு கொப்பி எடுத்தது, படம் முழுக்க கோடு, அரைவாசி இடத்தில ஆற்ற முகமெண்டே தெரியாது. அறை முழுக்க ஆக்கள், ஒருத்தரும் சிரிக்கேல்ல. அரசாங்கமே பாக்க வேண்டாமெண்டு வச்சிருக்குதெண்டா உள்ளுக்க ஏதோ கிடக்குதெண்ட நினைப்பு.

பிறகு 1998இல திரும்பத் தியேட்டருக்கு வந்தது. நல்ல பிரிண்ட், நல்ல சவுண்ட். எனக்குப் பின்னால இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையள் சிரிச்சவை. படம் அதேதான், தடையும் கோடும்தான் இல்லை. அதனால நித்யா பிள்ளை சொல்லுறது பாதி சரி, மீம் மட்டும் காரணமில்லை, அப்ப மீமே இல்லையே.

கணக்குப்பிள்ளை:
நான் கொஞ்சம் குறுக்க பேசுறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. "அந்தக் காலத்துல எல்லாரும் நடுங்குனாங்க, இந்தக் காலத்து பசங்க சிரிக்கிறாங்க"ன்றதே பாதி வியாபாரக்கதை. மயங்கி விழுந்தாங்கன்ற செய்தி வந்தா டிக்கெட் விக்கும், இது ஹாலிவுட்காரனுக்கு ரொம்ப நாளா தெரியும். 1931 ஃப்ராங்கன்ஸ்டைன்ல படம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் திரைச்சீலைக்கு முன்னாடி வந்து, உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கலாம், பயமா இருக்கலாம்னு எச்சரிக்கை குடுப்பார். 1959ல வில்லியம் கேஸல்னு ஒரு ஆளு தி டிங்ளர்னு படம் எடுத்துட்டு தியேட்டர் சீட்டுக்கு அடியில மோட்டார் வெச்சு கரெக்டான நேரத்துல அதிர விட்டாரு. ஜனங்க அங்க பயந்தா போனாங்க, கத்தி கூச்சல் போட்டு சிரிக்கத்தான் போனாங்க. ஹிட்ச்காக் கூட 1960ல சைக்கோவுக்கு படம் போட்டதுக்கு அப்புறம் ஒருத்தரையும் உள்ள விடாதீங்கன்னு தியேட்டருக்கெல்லாம் உத்தரவு போட்டாரு, வாசல்ல க்யூ நின்னா அதுவே விளம்பரம் ஆச்சா இல்லையா.

சிரிப்பும் பயமும் ஒரே சீட்டுல தான் உக்காந்திருக்கும். பயந்தவன் தான் முதல்ல சிரிப்பான், நான் பயப்படலன்னு பக்கத்துல இருக்கவனுக்கு காட்டணும்ல. தனியா ராத்திரி பாக்கச்சொல்லுங்க உங்க சித்தி பசங்கள.

ரீல்பொட்டி:
> ஹிட்ச்காக் கூட 1960ல...

கணக்கு சார், அது விளம்பரம் தான், ஒத்துக்கிறேன். ஆனா அதுல ஒரு வேலையும் இருந்துச்சு. ஜேனட் லீ அப்போ பெரிய ஸ்டாரு, படம் பாதி தாண்டுறதுக்குள்ள அந்தம்மாவ ஷவர்ல குத்தி கொன்னுடுவாங்க. ரொம்ப லேட்டா வந்து உக்காந்தவன் "ஹீரோயின் எங்கப்பா"ன்னு கடைசி வரைக்கும் தேடிட்டு இருப்பான். அதுவரைக்கும் ஸ்டார முதல் பாதியிலேயே காலி பண்ற பழக்கம் இல்ல, அப்புறம் யாரு கூட போறதுன்னு ஆடியன்ஸ் அந்தரத்துல தொங்குவான். இன்னிக்கு பாக்குறவனுக்கு ஜேனட் லீ யாருன்னே தெரியாது, ஆனா சாகப்போறாங்கன்னு மட்டும் தெரியும். ரெண்டும் தலைகீழ். அதனால ஷவர் சீன் இப்போ அதிர்ச்சி இல்ல, பாடம். 78 கேமரா செட்டப், 52 வெட்டுன்னு அதுக்கே தனியா ஒரு டாகுமென்டரி வந்துச்சு. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப், கத்தி குத்துற சத்தத்துக்கு முலாம்பழம் வகையில ஒன்னு.

ஆனா ஒன்னு கவனிங்க, இன்னிக்கு முதல் தடவை பாக்குறவங்க ஷவருக்கு அசராம உக்காந்திருந்துட்டு, அதுக்கு அப்புறம் அந்த மோட்டல் நடத்துற நார்மன் பாத்ரூம கழுவுறாரே, மாப் போட்டு, சுவரத் துடைச்சு, காரை சேத்துல தள்ளி, அந்த கார் பாதி முங்கி நின்னுடும் பாருங்க, அங்க "ஐயோ முங்குடா"ன்னு வாய்விட்டு சொல்றாங்க. கொலையை மறைக்கிறவன் பக்கம் நம்மள இழுத்துட்டான் அந்த ஹிட்ச்காக். அத எந்த மீமும் கெடுக்கல.

சவுண்ட்_மணி:
எல்லாரும் படத்த பத்தியே பேசுறீங்க, காத பத்தி ஒருத்தரும் பேசல. நான் மிக்சிங்ல வேலை பாக்குறவன், என் கட்சி சிம்பிள், பழைய படம் பயமுறுத்தலன்னா பத்துக்கு எட்டு இடத்துல டிவி ஸ்பீக்கர் தான் குற்றவாளி.

ஹாலோவீன் (1978) எடுத்துக்கோங்க. ஜான் கார்பென்டர் படத்த முடிச்சுட்டு இசை சேக்காம ஒரு ஸ்டுடியோ ஆளுக்கு போட்டுக்காட்டினாராம், கொஞ்சமும் பயமா இல்லன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் அவரே உக்காந்து அந்த பியானோ துணுக்க போட்டாரு, அஞ்சு தட்டு கணக்கு, அவங்கப்பா சின்ன வயசுல போங்கோ டிரம்ல சொல்லிக்குடுத்த தாளமாம். நாலு நாலா எண்ணி பழகுன காதுக்கு கூட ஒரு தட்டு வந்து இடிச்சுட்டே இருக்கும், உக்காந்த இடத்துல நிம்மதியா இருக்க விடாது. அத போய் மொபைல் ஸ்பீக்கர்ல கேட்டா ரிங்டோன் மாதிரி தான் இருக்கும். சைக்கோவும் அப்படித்தான், ஷவர் சீனுக்கு இசையே வேணாம்னு தான் ஹிட்ச்காக் சொன்னாரு, பெர்னார்ட் ஹெர்மன் கேக்காம வயலின் மாதிரி தந்தி வாத்தியங்கள மட்டும் வெச்சு போட்டுட்டு வந்து கேக்க வெச்சாரு, அதுக்கு அப்புறம் எடுக்க மனசு வரல.

எக்ஸார்சிஸ்ட்டுக்கு கிடைச்ச ரெண்டு ஆஸ்கார்ல ஒன்னு சவுண்டுக்கு. அந்தப் பேய்க்குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ்னு ஒரு அம்மாவோடது, பச்சை முட்டையும் சிகரெட்டும் விஸ்கியுமா தொண்டைய கெடுத்துக்கிட்டு பேசினாங்க, முதல்ல டைட்டில்ல பேர் கூட போடல, சண்டை போட்டு வாங்க வேண்டியதா போச்சு. நித்யா, நீங்க கரகரன்னு ஆம்பளைக் குரல்னு எழுதுனது ஒரு பொம்பளை குரல் 🙂

எதிர் உதாரணமும் இருக்கு. 1931 டிராகுலாவுல டைட்டிலுக்கு ஸ்வான் லேக், நடுவுல கச்சேரி சீன்ல கொஞ்சம், அவ்வளவுதான், பின்னணி இசையே கிடையாது. பேசும்படம் வந்த புதுசு, இசை எங்கிருந்து வருதுன்னு ஆடியன்ஸ் குழம்புவான்னு நெனச்ச காலம். இன்னிக்கு பாக்குறவங்களுக்கு அந்த அமைதியில பயம் வரல, கொட்டாவி வருது. ஃபிலிப் கிளாஸ் பின்னாடி அதுக்கு வயலின் இசை போட்டு ஒரு பதிப்பு வந்துச்சு. சுத்த சைவ ரசிகர்கள் திட்டுவாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும்.

நித்யா_எஸ்:
அது பொம்பளை குரலா!! சரி அதுக்காகவே ஹெட்போன்ல திரும்ப பாக்குறேன்.

எனக்கு வேலை செஞ்ச படம் ஒன்னு சொல்றேன், நைட் ஆஃப் த லிவிங் டெட். பாதி படம் வரைக்கும் ஹாஸ்டல் ரூம்ல ஒரே கலாய், ஜோம்பி எல்லாம் மதிய சாப்பாடு முடிச்ச மாதிரி மெதுவா நடக்குது, ஜோம்பி எல்லாம் பாஞ்சு ஓடுற ட்ரெயின் டு பூசான் பாத்த கண்ணுக்கு இது எப்படி. ஆனா கடைசி அஞ்சு நிமிஷம் ரூம்ல ஒருத்தரும் பேசல. யாரும் சிரிக்கல. எங்க ரூம்மேட் "அவ்ளோதானா? முடிஞ்சிடுச்சா?"ன்னு திரும்ப திரும்ப கேட்டா.

வெட்டி_ஆபீசர்:
ஸ்பாய்லர் போட்டுடாதீங்கப்பா நான் பாக்கல

ரீல்பொட்டி:
58 வருஷம் ஆகப்போற படத்துக்கு ஸ்பாய்லரா ஆபீசரே. சரி, முடிவ சொல்லல. ஆனா இத மட்டும் சொல்றேன், அது 1968 அக்டோபர்ல வந்த படம், அந்த வருஷம் ஏப்ரல்ல தான் மார்ட்டின் லூதர் கிங்கை சுட்டுக்கொன்னாங்க. ஹீரோ டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், படத்துல ஒரு இடத்துல கூட அத பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இத மனசுல வெச்சுட்டு கடைசியில துப்பாக்கியோட வர்றவங்கள பாருங்க, டைட்டில் ஓடும்போது காட்டுற ஃபோட்டோக்கள பாருங்க, பேப்பர்ல வர்ற ஃபோட்டோ மாதிரி பொடிப்பொடி புள்ளியா இருக்கும்.

மெதுவா நடக்குதுன்னு எல்லாரும் சொல்றது பாதி பொய். கல்லறைத் தோட்டத்துல வர்ற முதல் ஆளு காரை துரத்துவான், கல்லெடுத்து கண்ணாடிய உடைப்பான், நல்ல சுறுசுறுப்பு.

யூடியூப்ல ஃப்ரீயா கிடைக்கும், ஆனா அதுலயும் ஒரு வம்பு. ரிலீஸ் நேரத்துல பேர மாத்தினப்போ புது டைட்டில் கார்டுல காப்பிரைட் வரிய போட மறந்துட்டாங்க, அன்னிக்கே படம் பொதுச்சொத்து ஆயிடுச்சு. எடுத்த ரொமேரோவுக்கு நியாயமா வரவேண்டிய காசு போச்சு, நமக்கு வந்து சேந்தது சாம்பல் கலர்ல கஞ்சி மாதிரி பிரிண்டுங்க. 2018ல கிரைட்டீரியன்னு ஒரு வீடியோ கம்பெனி போட்ட சுத்தமான பிரிண்ட் கிடைச்சா அத பாருங்க, இருட்டு இருட்டா இருக்கும்.

உடுக்கை:
எல்லாரும் ரப்பர், சவுண்டுன்னு பேசுறீங்க, நம்பிக்கைய யாரும் தொடலையே. எங்க ஊர்ல உடுக்கை அடிச்சு பேய் ஓட்டுறத பாத்து வளந்தவன் நான். அங்க பேய்க்கு பேர் இருக்கும், ஊர் இருக்கும், எப்படி செத்தான்ற கதை இருக்கும், "உனக்கு என்ன வேணும் சொல்லு"ன்னு பூசாரி கேப்பாரு, கோழி கேக்கும், புடவை கேக்கும், குடுத்தா புளியமரத்துக்கு போயிடும். பேச்சுவார்த்தைதான். நம்ம சினிமா பேயும் அதேதான், இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக், யாரு அநியாயம் பண்ணான்னு தெரிஞ்சிடும், பழி வாங்கிட்டு கிளம்பிடும். நாம பேய் பக்கம் கை தட்டுறோம்.

எக்ஸார்சிஸ்ட் பேய்க்கு எந்த குறையும் இல்ல, எதையும் கேக்கல, பேரம் இல்ல. நம்ம ஆளுங்க "சரி இதுக்கு ஃபிளாஷ்பேக் எப்போ"ன்னு காத்திருந்துட்டு கடைசியில ஏமாந்து போறாங்க. எனக்கு மட்டும் அதனாலதான் அது பயமா இருந்துச்சு. ஒன்னுமே கேக்காத பேய்கிட்ட என்னத்த பேசி அனுப்புறது?

தவம்_லண்டன்:
உடுக்கை அண்ணை சொன்னது நான் யோசிக்காத விஷயம். என்னோட வேலை செய்யிற ஐரிஷ் கத்தோலிக்க மனுசி ஒராள், அறுவது வயசிருக்கும், இப்பவும் அந்தப் படத்தின்ர பேர் சொன்னாலே சிலுவை போடுவா. அவவின்ர மகள் அதை பகிடிப்படமெண்டு சொல்லுறா. ஒரே வீடு.

கணக்குப்பிள்ளை:
நம்ம ஊருக்கு வந்துட்டீங்கள்ல, அப்ப ஜகன்மோகினிய விடக்கூடாது. 1978, விட்டலாச்சாரியா படம், தெலுங்குல இருந்து வந்தது. பேய் மருமக விறகுக்கு பதிலா ரெண்டு காலையும் அடுப்புக்குள்ள விட்டு சமைக்கும். எங்க அக்கா அத பாத்துட்டு ரொம்ப நாளைக்கு அடுப்பங்கரைக்கு தனியா போக மாட்டா. இப்போ அந்த கிளிப்ப "கேஸ் விலை ஏறுனதும் எங்க வீட்டுல"ன்னு போட்டு சுத்த விடுறாங்க, அக்காவே எனக்கு அனுப்பினா.

மாடரேட்டர்:
ஜகன்மோகினிக்கு தனி இழை இருக்கு, அங்க போய் ஆடுங்க. இங்க கிளிப் லிங்க் போட்டா தூக்கிடுவேன்.

லாஸ்ட்பெஞ்ச்_கார்த்தி:
இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. எல்லாரும் சொன்னத படிச்சா, வெளிச்சம் போட்டு காட்டுனது தான் பழசாகுது, காட்டாம விட்டது நிக்குதுன்னு தோணுது. சரியா?

சவுண்ட்_மணி:
பெரும்பாலும் சரி. கேட் பீப்பிள்னு ஒரு படம், 1942. ராத்திரி ஒரு பொண்ணு தெருவுல நடக்குது, பின்னாடி இன்னொரு காலடிச் சத்தம், டக் டக். சட்டுனு அந்த ரெண்டாவது சத்தம் மட்டும் நிக்குது. அவ திரும்பி பாக்குறா, யாரும் இல்ல. வேகமா நடக்குறா, உறுமுற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிச்சு புஸ்ஸ்ஸ்னு ஃப்ரேமுக்குள்ள பாயுது... ஒரு பஸ்ஸு. ஏர் பிரேக். அவ்ளோதான். இன்னிக்கு ஜம்ப் ஸ்கேர்னு சொல்றதுக்கு தாத்தா அதுதான். வேலைக்கு சேந்த பசங்களுக்கு நான் போட்டுக்காட்டுவேன், எல்லாரும் துள்ளுவான், அப்புறம் தான் சிரிப்பான்.

ரீல்பொட்டி:
எல்லாத்துக்கும் அந்த விதி ஒத்து வராது கார்த்தி. நோஸ்ஃபெராட்டு (1922) அந்த வேம்பயர முழுசா காட்டுற படம் தான், கப்பல்ல பெட்டிக்குள்ள இருந்து பலகை மாதிரி நட்டமா எழுந்திருப்பான். இன்னிக்கும் அதுக்கு கூட்டத்துல ஒரு "ஸ்ஸ்" கேக்கும். ஆனா அதே படத்துல குதிரை வண்டி குடுகுடுன்னு ஓடும், வேணும்னே வேகமா ஓட விட்டது, அன்னிக்கு அமானுஷ்யம், இன்னிக்கு சாப்ளின் படம். இதுல நெட்டுல கிடைக்கிற பாதி பிரிண்ட் வேகம் தப்பா இருக்கு, அப்ப மொத்தப் படமும் சாப்ளின் ஆயிடும். நல்ல ரெஸ்டோர் பண்ணுன பதிப்பா பாத்து எடுங்க, ராத்திரி சீன் எல்லாம் நீலமா இருந்தா அது ஓரளவு உருப்படி. பகல்லயே எடுத்துட்டு நீலச்சாயம் போட்டு தான் ராத்திரின்னு காட்டுனாங்க, சாயம் இல்லாத கறுப்பு வெள்ளை பிரிண்ட்ல வேம்பயர் பட்டப்பகல்ல நடக்குற மாதிரி இருக்கும், சிரிக்காம என்ன பண்ணுவான்.

வெட்டி_ஆபீசர்:
சரி நான் ஒன்னு கேக்குறேன். ரிங் (1998, ஜப்பான் ஒரிஜினல்) இப்போ வேலை செய்யுமா? வீடியோ கேசட்ட பாத்தா ஏழு நாள்ல சாவு. இப்போ இருக்க பசங்களுக்கு கேசட்டுனா என்னன்னே தெரியாதே.

நித்யா_எஸ்:
செய்யும் அண்ணா, எங்களுக்கு தான் இன்னும் நல்லா புரியும். கேசட்ட காப்பி எடுத்து வேற ஒருத்தருக்கு காட்டுனா நீ தப்பிச்ச, அதானே கதை? "இத பத்து பேருக்கு அனுப்பலன்னா கெட்டது நடக்கும்"னு எங்க பெரியம்மா ஃபேமிலி குரூப்ல தினமும் அனுப்புறாங்க.

கணக்குப்பிள்ளை:
அதுல பயங்கரம் என்னன்னா படிச்ச ஆளுங்களே ஒரு சேஃப்டிக்கு அனுப்பி வெக்கிறாங்க.

வெட்டி_ஆபீசர்:
நான் அனுப்பிட்டேன் நேத்து 🙏
சரி ரிங் எதுல இருக்கு, சப்டைட்டிலோட?